அரசியலுக்குப் போக நினைக்கும் குடும்ப வைத்தியருக்கு

"அக்கா, தேர்தலில நிற்கலாம் எண்டு யோசிக்கிறன். என்ன சொல்லுறீங்கள்?" இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிற இளம் வைத்தியர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். கனடாவில், ரொறன்ரோவுக்கு வடக்கே மார்க்கம் நகரில் குடும்ப வைத்தியராக இருக்கிறேன். நான் வேட்பாளராக நின்றதில்லை. ஆனால் வாக்குக் கேட்டு வீடு வீடாக நடந்திருக்கிறேன். சக வைத்தியர் ஒருவர் நாடாளுமன்றத் தேர்தலில் நின்ற காலம் முழுவதும் அவருடைய நோயாளரை என் கிளினிக்கில் பார்த்திருக்கிறேன். கேட்டவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்றுதான் இது.

என்னை அரசியல் பக்கம் திருப்பியது 2012ஆம் ஆண்டு. அப்போதைய கொன்சர்வேட்டிவ் அரசு, அகதிகளுக்கான இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டத்தை வெட்டியது. அதுவரை அகதிக் கோரிக்கையாளர் வைத்தியரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் மத்திய அரசு பணம் கொடுத்தது. அந்த ஜூன் 30க்குப் பிறகு பெரும்பாலான கோரிக்கையாளருக்கு மருந்துச் செலவு நின்றுவிட்டது. மற்றவர்களுக்குத் தொற்றக்கூடிய ஆபத்தான நோய் என்றால் மட்டும் விதிவிலக்கு. காசநோய்க்கு மருந்து கிடைக்கும், நீரிழிவுக்குக் கிடைக்காது. எம்.வி. சன் சீ கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்கள் கிளினிக்குகளின் காத்திருப்பு அறைகளில் அப்போது வேறு பேச்சே இல்லை.

அகதிக் கோரிக்கை விசாரணைக்குக் காத்திருந்த ஒருவர் ஒருநாள் வந்தார். நாளைக்கு இரண்டு தரம் இன்சுலின் போடுகிறவர். மருந்துக்கடையில் விலையைக் கேட்டுவிட்டு வாங்காமல் திரும்பி வந்திருக்கிறார். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "ஒருதரமாக் குறைச்சால் காணுமோ டொக்டர்?" என்று கேட்டார். கிளினிக் குளிர்சாதனப் பெட்டியில் மருந்துக் கம்பனிகள் தந்த மாதிரி இன்சுலின் பேனாக்கள் இருந்தன. எடுத்துக் கொடுத்தேன். அவற்றைப் பையில் வைத்தபடி, "இது முடிஞ்சால்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. என்னுடைய படிப்பிலும் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்தப் பதில் தலைநகர் ஒட்டாவாவில் இருந்தது.

வெட்டு நடைமுறைக்கு வருமுன்பே, அந்த ஜூன் 18 அன்று நாடெங்கும் வைத்தியர்கள் வெள்ளைக் கோட்டோடு வீதிக்கு வந்தார்கள். அமைச்சர்கள் பேசுகிற கூட்டங்களில் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். 2014 ஜூலையில் மத்திய நீதிமன்றம் அந்த வெட்டு அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. அரசு மேன்முறையீடு செய்தது. 2015 ஒக்டோபர் தேர்தலில் ஆட்சி மாறியது, புதிய அரசு மேன்முறையீட்டைக் கைவிட்டது, 2016 ஏப்ரல் 1இல் திட்டம் முழுமையாகத் திரும்பி வந்தது. தெருவில் நின்றதும் வேண்டியிருந்தது, நீதிமன்றம் போனதும் வேண்டியிருந்தது. இரண்டும் நடந்த பிறகும் யார் ஆட்சியில் இருக்கிறார் என்பதில்தான் காரியம் முடிந்தது. நல்ல வைத்தியர்கள் தேர்தலில் நிற்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அந்த 2015 தேர்தலில் எங்கள் மார்க்கம் - ஸ்டவ்வில் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்றவர் ஜேன் ஃபில்பொட். ஸ்டவ்வில்லில் 1998 முதல் குடும்ப வைத்தியர். எனக்கு அவரோடு நெருங்கிய பழக்கம் இல்லை. அவர் வந்த பாதை எல்லாரும் அறிந்ததுதான், ஆனால் அரசியல் ஆசையுள்ளவர்கள் அதை நிதானமாகப் படிப்பதில்லை. அவர் வென்றபோது வயது 54. முதல்முறை உறுப்பினராகி, 2015 நவம்பர் 4இல் நேரே சுகாதார அமைச்சராகப் பதவியேற்றார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரே தாவல் போலத் தெரியும். அதற்கு முன் நடந்ததைப் பாருங்கள். 1989 முதல் 1998 வரை மேற்கு ஆபிரிக்காவின் நைஜர் நாட்டில் வைத்தியப் பணி. அங்கேயே 1991இல் தன் சின்ன மகளை மூளைக்காய்ச்சல் கிருமியின் தொற்றுக்குப் பறிகொடுத்தார். அதன் பிறகும் அந்த நாட்டில் வேலையைத் தொடர்ந்தவர். திரும்பி வந்து ஸ்டவ்வில்லில் கிளினிக். 2008 முதல் 2014 வரை மார்க்கம் ஸ்டவ்வில் வைத்தியசாலையில் குடும்ப மருத்துவத் துறையின் தலைவர். எதியோப்பியாவில் அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தில் குடும்ப மருத்துவப் பயிற்சி தொடங்கியதில் அவருக்கும் பங்குண்டு.

ஒரு துறையை நடத்தியிருக்கிறார், பணம் திரட்டியிருக்கிறார். அமைச்சு அலுவலகத்தில் வேண்டிய பழக்கங்கள் இவைதான். என்னிடம் வரும் இளையவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: இதுவரை எதை நடத்தியிருக்கிறீர்கள்? நோயாளரைப் பார்ப்பதில் கெட்டிக்காரர் என்பது மட்டும் போதாது.

ஒரே பாதைதான் என்றும் இல்லை. ஹெடி ஃப்ரை ட்ரினிடாட்டில் பிறந்தவர், வன்கூவரில் குடும்ப வைத்தியராக இருந்தவர். பிரிட்டிஷ் கொலம்பியா மருத்துவச் சங்கத்தின் தலைவராகி, 1993இல் பிரதமராக இருந்த கிம் கம்பெல்லையே அவருடைய தொகுதியில் தோற்கடித்தார். ரொறன்ரோவில் கரோலின் பெனற் மகளிர் கல்லூரி வைத்தியசாலையைக் காப்பாற்றும் போராட்டத்தில் முன்னுக்கு நின்றவர். 1997இல் நாடாளுமன்றம் போனார், சார்ஸ் வந்துபோன 2003இல் பொதுச் சுகாதாரத்துக்கென்று நியமிக்கப்பட்ட முதலாவது இணை அமைச்சர் ஆனார். ஹெலினா யாசெக் எங்கள் யோர்க் பிராந்தியத்தின் சுகாதார வைத்திய அதிகாரியாக இருந்து, 2007இல் ஒன்ராறியோ சட்டசபைக்குப் போய், மாகாண அமைச்சராக இருந்து, பிறகுதான் ஒட்டாவா போனார். சங்கம், வைத்தியசாலை, பொதுச் சுகாதாரம் என்று வழி வேறு. ஆனால் மூவரும் கட்சிக்குப் போகும் முன்பே ஊருக்குத் தெரிந்த ஒரு வேலையைக் கையில் வைத்திருந்தார்கள்.

சரி, வீடு வீடாகப் போகும் விஷயத்துக்கு வருவோம். இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் போதாது. 2015 பிரச்சாரம் 78 நாள் நீண்டது. கோடை முழுவதும் நடந்தோம். கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, ஒரு நிமிடம் பேசி, ஆதரவா இல்லையா என்று தாளில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவதுதான் தேர்தல் குழு எதிர்பார்க்கிற வேலை. வைத்தியருக்கு அது வராது. ஒரு வீட்டில் கதவைத் திறந்த அம்மா, நான் வைத்தியர் என்று தெரிந்ததும், "நில்லுங்கோ பிள்ளை" என்று உள்ளே போய் ஒரு பிஸ்கற் டின்னைக் கொண்டு வந்தார். உள்ளே முழுக்கக் குளிசை. பிரஷருக்கு ஒரே மருந்தை இரண்டு பெயரில் எழுதியிருக்கிறது, இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய வைத்தியர் ஓய்வு பெற்றுவிட்டார், புதியவர் கிடைக்கவில்லை, முன்பதிவில்லாமல் போகிற கிளினிக் ஒன்றில் ஒன்று, வைத்தியசாலையில் ஒன்று என்று சேர்ந்தது அது. அவர் சொன்னபடியே மருந்துக்கடைக்காரரோடு தொலைபேசியில் பேசிவிட்டுத்தான் படியிறங்கினேன். கூட வந்த தொண்டர் தெரு முனையில் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தொண்டருக்குக் கோபம் வந்தது நியாயம். ஆனால் அரசியலுக்குப் போகும் வைத்தியரின் பலம் அந்தப் பிஸ்கற் டின் முன்னால்தான் இருக்கிறது. குடும்ப வைத்தியர் இல்லாதவர்கள் இந்த மாகாணத்தில் இலட்சக்கணக்கில் என்று மேடையில் சொல்லலாம். அதைக் கேட்டு ஒருவரும் அசைவதில்லை. ஒரே மருந்தை இரண்டு பெயரில் விழுங்கிய அம்மாவைப் பற்றி, ஆளை அடையாளம் காட்டாமல் சொன்னால், மண்டபம் அமைதியாகும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கனடாவில் வைத்தியசாலை, வைத்தியர் சம்பளம், வீட்டுப் பராமரிப்பு எல்லாம் மாகாணத்தின் பொறுப்பு. மத்திய அரசின் கையில் இருப்பது 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டமும், மாகாணங்களுக்குப் போகும் பணமும், மருந்து அனுமதியும், முதற்குடி மக்கள், இராணுவத்தினர், மத்திய சிறைக் கைதிகள், அகதிகள் போன்றவர்களின் சுகாதாரமும். கதவடியில் கேட்கிற முறைப்பாட்டில் பெரும்பகுதி மத்திய உறுப்பினரால் நேரடியாகத் தீர்க்க முடியாதது. அதை ஒளிக்காமல் சொல்லிப் பழகுங்கள். "இது மாகாண விஷயம்" என்று கையை விரித்தால் கதவு மூடும். யாரிடம் எப்படிக் கேட்பது என்று சொல்லிக்கொடுத்தால் அடுத்தமுறையும் திறக்கும்.

இன்னொன்று, இதைக் கட்சிக்காரர் ஒருவரும் சொல்லித் தரமாட்டார். நீங்கள் தட்டுகிற கதவைத் திறப்பது உங்கள் நோயாளராகவே இருக்கலாம். பக்கத்தில் தாளும் பேனாவுமாகத் தொண்டர் நிற்பார். அந்த இடத்தில் "எப்படி இருக்கிறீங்கள், ரத்தப் பரிசோதனை செய்தீங்களா?" என்று வாய் தவறியும் கேட்கக் கூடாது. அவர் உங்கள் நோயாளர் என்பதே அந்தரங்கத் தகவல். அவராக "இவர்தான் என்ர டொக்டர்" என்று சொன்னால் சொல்லட்டும். நீங்கள் முதலில் தெரிந்தவர் மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம். நான் நடந்த தெருக்களில் என் நோயாளர் வீடு வந்தால் அந்தப் பக்கத்தை மற்றவரிடம் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

கிளினிக்கில் இருக்கும் பெயர், விலாசம், தொலைபேசி எண் எதையும் பிரச்சாரத்துக்குத் தொடக்கூடாது. ஒன்ராறியோவில் 2004இல் வந்த தனிநபர் சுகாதாரத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. "உங்களிட்ட ஆயிரம் குடும்பம் இருக்கே டொக்டர், ஒரு கடிதம் போட்டால் என்ன?" என்று தேர்தல் குழுவில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். முதல் கூட்டத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். காத்திருப்பு அறையில் துண்டுப்பிரசுரம் வேண்டாம், வரவேற்பு மேசையில் கட்சி நிறத்தில் பட்டி வேண்டாம். உங்கள் கட்சிக்கு வாக்களிக்காதவருக்கும் நெஞ்சுவலி வரும், அவர் உங்களிடம்தான் வருவார். வரத் தயங்கக் கூடாது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. மத்திய தேர்தலில் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் நன்கொடை கொடுக்க முடியாது. பல வைத்தியர்கள் தங்கள் தொழிலைக் கூட்டுத்தாபனமாகப் பதிந்திருப்பார்கள். அந்தக் கணக்கிலிருந்து ஒரு சதமும் போகக்கூடாது. தனியாள் ஒருவர் கட்சிக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2015இல் 1,500 டொலர், வருடத்துக்கு 25 டொலர் கூடுகிறது. வேட்பாளர் தன் பிரச்சாரத்துக்குச் சொந்தப் பணத்தில் 5,000 டொலர் வரை போடலாம். 10 வீத வாக்கு எடுத்தால் தேர்தல் செலவில் 60 வீதம் திரும்பி வரும். ஆனால் அதற்கு முன்னால் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தெரிவுப் போட்டிச் செலவுக்கு அப்படி எதுவும் திரும்பாது. உண்மையான சண்டை அங்கேதான். யார் அதிகம் உறுப்பினரைச் சேர்த்து, அவர்களை அந்த ஒரு மாலை மண்டபத்துக்குக் கூட்டி வருகிறாரோ அவர் வெல்வார். உங்கள் பட்டமும் விருதும் அங்கே எடுபடாது. கோயில், தேவாலயம், பாடசாலை, ஊர்ச் சங்கம், சீன, பாகிஸ்தானிய, கிரேக்க அயலவர் என்று எல்லா வாசலிலும் உங்களுக்காக வாகனம் எடுத்து வரத் தயாராக ஆட்கள் வேண்டும். தமிழரை மட்டும் நம்பி இறங்கியவர்களை மண்டபத்தில் பார்த்திருக்கிறேன், காணாது.

இனி நோயாளர். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். என் சக வைத்தியர், தம்பி என்றுதான் கூப்பிடுவேன், தேர்தலில் நிற்பதாக முடிவெடுத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி கட்சி பற்றியது அல்ல. அவரிடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளர். இந்த மாகாணத்தில் ஒரு வைத்தியர் எழுந்து போனால் அத்தனை பேரும் தெருவில். கிளினிக்கை மூடுவதென்றால் குறைந்தது 90 நாள் முன்பே அறிவிக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் ஒழுங்குச் சபையின் விதி. பதிவேடுகளைப் பெரியவர்களுக்குக் கடைசிப் பதிவிலிருந்து 10 வருடம் வைத்திருக்க வேண்டும். அது சட்டம் கேட்பது. நாங்கள் அதற்கு மேல் செய்தோம். அவருடைய பட்டியலைச் சேர்ந்து இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள், வீட்டிலேயே இறுதிக்காலத்தில் இருப்பவர்கள் என்று பிரித்தோம். இந்த நான்கு வகையினரையும் கடிதத்தோடு விடாமல் அவரே கூப்பிட்டுப் பேசினார், யாரிடம் போகிறார்கள் என்று பெயர் சொல்லி ஒப்படைத்தார். அவர்களில் ஒரு பங்கு என்னிடம் வந்தது. மற்றவர்களுக்கு ஒரு பதில் வைத்தியர் ஒழுங்கானார். என் நாள் நீண்டது, வீட்டில் இரவுச் சாப்பாடு பிந்தியது, என் கணவர் பொறுத்துக்கொண்டார். ஒருவர் வேட்பாளராக நிற்க, நிற்காத எத்தனையோ பேர் உழைக்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தம்பி தெரிவுப் போட்டியில் வென்றார், பொதுத்தேர்தலில் தோற்றார். அடுத்த திங்களே அவரால் கிளினிக்குக்குத் திரும்ப முடிந்தது, ஏனென்றால் கதவை அடைத்துவிட்டுப் போகவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு மறுபடியும் ஃபில்பொட்டிடம் போக வேண்டும்.

அமைச்சராக அவர் செய்தது சின்ன வேலை இல்லை. மரணத்துக்கு மருத்துவ உதவி பற்றிய சட்டம் 2016 ஜூனில் வந்தது. போதை மருந்தைக் கண்காணிப்போடு எடுக்கும் நிலையங்களுக்கு அனுமதி பெறுவதை எளிதாக்கிய சட்டம் 2017இல் வந்தது. அந்த ஓகஸ்டில் முதற்குடியினர் சேவைகளுக்கென்று புதிதாக அமைத்த அமைச்சு அவரிடம் வந்தது. 2016 குடிசன மதிப்பீட்டில் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் முதற்குடிப் பிள்ளைகள் 8 வீதத்துக்கும் குறைவு. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் அவர்கள். இதை மனிதாபிமான நெருக்கடி என்று ஓர் அமைச்சரே வெளிப்படையாகச் சொன்னது பெரிய காரியம். அந்தப் பிள்ளைகளின் நலனை அவர்கள் சமூகத்தின் கையிலேயே கொடுக்கும் சட்டம் 2019 ஜூனில் நிறைவேறியது. அப்போது அவர் அமைச்சரவையில் இல்லை.

2019 தொடக்கத்தில், எஸ்என்சி-லவலின் என்ற பொறியியல் கம்பனிமீதான ஊழல் வழக்கில் சட்டமா அதிபர் ஜோடி வில்சன்-ரேபோல்டுக்கு அழுத்தம் கொடுக்கப்பட்டது என்ற விவகாரம் வெடித்தது. அரசு அதைக் கையாண்ட விதத்தில் நம்பிக்கை இழந்துவிட்டதாகச் சொல்லி, மார்ச் 4 அன்று ஃபில்பொட் அமைச்சரவையிலிருந்து விலகினார். ஏப்ரல் 2 அன்று இருவரும் கட்சிக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஒக்டோபர் தேர்தலில் இருவரும் சுயேச்சையாக நின்றார்கள். வில்சன்-ரேபோல்டு வன்கூவரில் வென்றார். எங்கள் தொகுதியில் ஃபில்பொட் மூன்றாவதாக வந்தார். வென்றவர் லிபரல் வேட்பாளர், அவரும் வைத்தியர், மேலே சொன்ன யாசெக்.

நாடாளுமன்ற அரசியலில் கட்சியின் முடிவுக்கு எதிராகப் போனால் என்ன விலை என்பது அந்த எட்டு மாதத்தில் தெரிந்தது. எத்தனையோ உறுப்பினர்கள் மனதுக்கு ஒவ்வாததற்கும் கை உயர்த்துகிறார்கள். எல்லாரும் கோழைகள் என்று நான் சொல்லமாட்டேன். பதவி போனால் வீட்டுக் கடன் கட்ட வழியில்லாதவருக்கு மனச்சாட்சி மிகவும் விலைகூடியது. வைத்தியருக்குத் திரும்பிப் போக ஒரு தொழில் இருக்கிறது. அந்தத் தொழில்தான் உங்களுக்கு அரசியலில் இருக்கும் மிகப்பெரிய சுதந்திரம், அதைக் கவனமாகக் காப்பாற்றுங்கள். சாதாரண உறுப்பினர் வைத்தியம் பார்க்கத் தடையில்லை. அமைச்சரானால், பதவியும் சொந்த நலனும் மோதாமல் தடுக்கும் நலமுரண் சட்டம் தொழில் செய்ய விடாது. ஆனால் உரிமத்தையும் திறமையையும் காத்துக்கொள்ளும் அளவுக்கு, ஊதியமில்லாமல், நலமுரண் ஆணையரின் அனுமதியோடு நோயாளரைப் பார்க்க அந்தச் சட்டத்திலேயே இடமுண்டு. உரிமக் கட்டணத்தையும் தொடர்கல்விப் புள்ளிகளையும் விட்டுவிடாதீர்கள். சில வருடம் தொழிலில் இல்லாமல் இருந்துவிட்டால் ஒழுங்குச் சபை மீண்டும் பயிற்சி கேட்கலாம்.

ஃபில்பொட் அப்படித்தான் திரும்பினார். 2020 வசந்தத்தில் மார்க்கத்தில் உடல் இயலாதோர் வாழும் பார்ட்டிசிபேஷன் ஹவுஸில் கோவிட் பரவி, வேலைக்கு ஆட்கள் வேண்டும் என்று பகிரங்கமாகக் கேட்டபோது, முன்னாள் சுகாதார அமைச்சர் தொண்டராகப் போய் அங்கே வேலை செய்தார். அந்த ஜூலையில் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தின் சுகாதார விஞ்ஞான பீடாதிபதி ஆனார். 2024 டிசம்பரில், ஒன்ராறியோவில் எல்லாருக்கும் குடும்ப வைத்தியரோ வைத்தியம் பார்க்கத் தகுதிபெற்ற தாதியரோ கிடைக்கச் செய்யும் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அவரை நியமித்தது லிபரல் அரசல்ல, மாகாணத்தின் கொன்சர்வேட்டிவ் அரசு. தேர்தலில் தோற்ற பிறகு எதிர்க்கட்சியே கூப்பிட்டு வேலை கொடுக்கிற அளவுக்குப் பெயர் மிஞ்சியது என்றால், அது முப்பது வருடம் நோயாளர் முன்னால் இருந்து சேர்த்தது.

உடனே ஒட்டாவாவைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒன்ராறியோவில் மாநகர சபைக்கும் பாடசாலைச் சபைக்கும் நான்கு வருடத்துக்கொருமுறை ஒக்டோபரில் தேர்தல் வரும். அங்கே கட்சிச் சின்னம் இல்லை, தெரிவுப் போட்டியும் இல்லை. கிளினிக்கை மூடாமலே பாடசாலைச் சபைக்கு நிற்கலாம். வைத்தியசாலையின் பணிப்பாளர் சபைக்கும் மருத்துவச் சங்கத்தின் மாவட்டக் கிளைக்கும் வருடாவருடம் ஆள் தேடுகிறார்கள். வரவுசெலவுத் திட்டத்தை வாசிக்கவும், உடன்படாதவரோடு மேசையில் இருந்து பேசவும் அங்கே பழகலாம். நம்முடைய பெண் வைத்தியர்கள் இதில் ஒன்றுக்காவது பெயர் கொடுங்கள். விண்ணப்பம் எழுத உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.